ஒரு கார்டுக்கு ஒரு பொம்பளை

“என் அடுப்புல ஒன் ஒலை ஏறக்கூடாதுன்னு எத்தன தடவடி சொல்றது?”

“ஒங்க அடுப்பு யாருக்கு வேணும்? நான்தான் பின்னால மூணு கல்லு கூட்டி வச்சிருக்கேனே, கண்ணு தெரியலியா?”

“தெரியுதுடி, தெரியுது. புருசன் லாரி ஓட்டுறாங்கிற மெதப்புல கூட்டியிருக்க.”

“மெதப்பா? அஞ்சு வருசமா ஒங்களுக்கு ஆக்கிக் கொட்டுனேனே, அந்த மெதப்பா?”

காலை பத்து மணிக்கே காலனித் தெரு நிறைந்துவிட்டது. நூறு நாள் வேலைக்குக் கிளம்பிய பெண்கள் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றார்கள். பல் விளக்கிக்கொண்டிருந்த குழந்தைவேல் வாய் நிறைய நுரையோடு வேலியோரம் வந்துவிட்டார். துப்பப் போனால் ஒரு வார்த்தை தவறிப்போகுமே என்று துப்பவும் இல்லை. ஆண்டாயி வீட்டு வாசலில் மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு அகப்பையோடு நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில், அட்டையில் காகிதத்தைச் செருகிப் பிடித்தபடி, தாலுகா ஆபீசிலிருந்து விசாரணைக்கு வந்திருந்த அறிவரசன். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் இருக்கும். இந்த மாதிரிச் சமயத்தில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

சண்டை பொய். அறிவரசனைத் தவிர அந்தத் தெருவில் நாய்க்குக்கூட அது தெரியும்.

எதற்காகப் பொய் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆடி மாதம் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். மாதாமாதம் வருகிற மகளிர் உரிமைத் தொகை விட்டுப்போனவர்கள் வந்து மனுக் கொடுக்கலாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஆண்டாயிக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. புருஷன் செல்லமுத்து போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். ரேஷன் கார்டில் அவள்தான் தலைவி. இருந்தும் மருமகள் மேகலாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.

“இது எதுக்குக் குடுக்குறாங்க தாயி?” என்று மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் கேட்டாள்.

அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். “வூட்டுல பொம்பளைங்க சம்பளம் இல்லாம காலம் பூரா வேலை பாக்குறீங்கல்ல, அதுக்கு ஒரு மருவாதிம்மா.”

“எங்க வூட்டுல அந்த வேலைய இவதான் பாக்குறா. நான் முந்திரிக்கொட்ட ஒடைக்கிறேன், அதுக்குக் கூலி வருது.”

“ஒரு கார்டுக்கு ஒரு பொம்பளதான்மா. ஒங்க பேருதான் இருக்கு.”

“அப்ப எங்க ரெண்டு பேருல யாரு பொம்பள இல்லன்னு எழுதிக்குவ?”

வரிசை சிரித்தது. மேசைப் பெண்ணும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, “அடுத்து யாரு?” என்றாள்.

அன்றோடு விட்டிருக்கலாம். ஆண்டாயி விடவில்லை. மேகலா பேருக்கு ஒன்று வந்தே ஆக வேண்டும் என்று பிடித்துக்கொண்டாள். மேகலாவே, “போவட்டும் விடுங்க அத்த, ஒங்களுக்கு வர்றது எனக்கு வர்றதுதானே” என்று சொல்லிப் பார்த்தாள். ஆண்டாயி காதில் வாங்கவில்லை. இந்த மருமகளுக்கு எதையாவது கொடுத்துவிட வேண்டும் என்று மூன்று வருஷமாக அவளுக்குள் ஒன்று நச்சரித்துக்கொண்டே இருந்தது. அது என்ன ஏது என்று அவள் பிரித்துப் பார்த்ததில்லை.

இந்த இடத்தில்தான் எதிர்வீட்டு சுமதி உள்ளே வருகிறாள். மகளிர் குழுத் தலைவி. எந்த மனுவுக்கு எத்தனை ஜெராக்ஸ் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அடுத்த வீட்டு விவகாரத்தில் தலையிடுகிற ஆள் இல்லை என்று அவளே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வாள்; சொல்வதற்காகவே நாலு வீட்டுக்குள் போவாள்.

“தனி கார்டு போட்டுருங்கக்கா. மேகலாவும் தமிழ்மாறனும் ஒரு கார்டு, நீங்க ஒரு கார்டு. ரெண்டு கார்டு, ரெண்டு தலைவி. ஒரே வூட்டுல இருந்தாலும் பரவால்ல, தனியா ஆக்கித் திங்கணும், அவ்வளவுதான். பின்னால ஒரு அடுப்பு கூட்டுங்க, விசாரணைக்கு வர்ற ஆளு பாத்துட்டு எழுதிட்டுப் போயிருவாரு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்னு நெனச்சுதான் கீழத்தெருவுல ஏமாந்தாங்க. அடுப்பெல்லாம் சுத்தமாத்தான் கூட்டியிருந்தாங்க. விசாரணைக்கு வந்தா, மாமியாரு மருமவளுக்குப் பேன் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கா. ‘கூட்டுக் குடும்பம்’னு எழுதித் தள்ளிவுட்டாரு மனுசன். அடுப்பு ரெண்டா இருந்தாப் பத்தாதுக்கா, மூஞ்சியும் ரெண்டு பக்கமாத் திரும்பணும்.”

அப்படித்தான் சண்டைக்குப் பாடம் எழுதப்பட்டது. பத்து நாள் ஒத்திகை. சுமதி பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். ஆண்டாயி சாம்பலைத் தொட்டுத் தொட்டு முந்திரிக்கொட்டை உடைப்பாள். மேகலா எட்டத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள். அவள் கொட்டை உடைப்பதை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. முந்திரி ஓட்டு எண்ணெய் கைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆண்டாயி எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

மேகலாவுக்குப் பாடம் சீக்கிரம் ஏறியது. ஆண்டாயிக்குத்தான் கடைசி வரி வரமாட்டேன் என்றது. மேகலா, ‘எனக்கு ஒடம்பு முடியலன்னா ஒரு வா சுடுதண்ணி வச்சுக் குடுத்தீங்களா?’ என்று முடிக்க வேண்டும். உடனே ஆண்டாயி, ‘ஒன் ஒடம்புக்கு நானாடி பொறுப்பு? இருந்தா இரு, இல்லன்னா நடையக் கட்டு’ என்று சொல்ல வேண்டும். அந்த இடம் வந்தாலே ஆண்டாயிக்குச் சிரிப்பு வந்துவிடும். அவள் சிரித்தால் மேகலாவும் சிரிப்பாள். “ரெண்டு பேரும் சேந்து கார்டக் கெடுத்துக்கங்க” என்று சுமதி கத்துவாள். கடைசியில் அவள்தான் வழி சொன்னாள். “ஒரு கொட்டைக்கு ஒரு தடவ சொல்லுங்கக்கா.” தட்டு, உடை, சொல்லு. தட்டு, உடை, சொல்லு. இரண்டு மூட்டை முடிவதற்குள் சிரிப்பு போய்விட்டது. மேகலா ‘எனக்கு ஒடம்பு’ என்று வாயைத் திறந்தால் போதும், மிச்சத்தை ஆண்டாயியின் நாக்கு தானாகவே சொல்லிவிடும்.

சரி, வாசலுக்குத் திரும்புவோம். அறிவரசன் பின்பக்கம் போய்ப் புது அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார். குனிந்து கரியைத் தொட்டுக்கூடப் பார்த்தார். “சரிங்கம்மா, சரிங்கம்மா, ரெண்டு பேரும் கொஞ்சம் அமைதியா...” என்றார். பாடம் முடிய இன்னும் இரண்டு வரி பாக்கி. கூட்டத்திலிருந்து சுமதி கண்ணால் ஜாடை காட்டினாள்.

மேகலா ஆரம்பித்தாள். “எனக்கு ஒடம்பு முடியலன்னா...”

நின்றுவிட்டாள். அகப்பை கீழே இறங்கியது. அவள் குரலும் இறங்கியது. அதுவரை தெருமுனைக்குக் கேட்ட குரல், இப்போது முன்வரிசைக்குத்தான் கேட்டது.

“அன்னைக்கு எனக்கு ஒடம்பு முடியலன்னு சொன்னேனே அத்த. ஏழு மாசம் வயித்தோட கொட்ட ஒடச்சுக்கிட்டு இருந்தேன். வலிக்குதுன்னு ரெண்டு தடவ சொன்னேன். ‘நாலு மணிக்கு யாவாரி வண்டி வந்துரும், மூட்டைய முடிச்சுட்டுப் போலாம்’னு சொன்னீங்க. முடிச்சேன். அரியலூரு ஆசுபத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள எம்புள்ள போயிருச்சு.”

இது பாடத்தில் இல்லை. இல்லை என்று சுமதிக்கே தெரியும். ஆண்டாயிக்கும் தெரியும். ஆனால் நாக்குக்குத் தெரியவில்லை.

“ஒன் ஒடம்புக்கு நானாடி பொறுப்பு? இருந்தா இரு, இல்லன்னா நடையக் கட்டு.”

ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது. சிரிப்பில்லாமல் வந்தது. சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது தன் காதிலேயே விழுந்து, ஆண்டாயி வாயைப் பொத்தினாள். குழந்தைவேல் நுரையை விழுங்கிவிட்டார். மண்வெட்டிப் பெண்களில் ஒருத்தி, “அடி ஆத்தே” என்றாள். மேகலா மாமியாரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அகப்பையைச் சுவரோரம் வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள்.

அறிவரசன் காகிதத்தில் எழுதினார்: ‘தனிச் சமையல் நேரில் உறுதி செய்யப்பட்டது. சேர்ந்து வாழ வாய்ப்பில்லை.’ எழுதிவிட்டு, யாரும் கேட்காமலே, “கார்டு வந்துரும்மா” என்று வெறும் வாசலைப் பார்த்துச் சொன்னார். வண்டியை எடுக்கும்போது அவர் கண் கலங்கியிருந்ததாக நாலு பேர் சொல்கிறார்கள். தூசியாகவும் இருக்கலாம், சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோடு.

சுமதி பின்பக்கம் ஓடிப்போய் மேகலாவைக் கட்டிக்கொண்டாள். “அடி கள்ளி! அந்த எடத்த நான் சொல்லியே குடுக்கலியேடி! எனக்கே அழுகாச்சி வந்துருச்சு.”  மேகலா அடுப்புக்குச் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள்.

விசாரணை முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து கறி எடுத்துச் சமைப்பது என்று முதல் நாளே பேசிவைத்திருந்தார்கள். கறி வாங்கியும் வந்தாயிற்று. மேகலா அதில் பாதியைப் பின்னால் எடுத்துப்போய் ஆக்கினாள். பாதியை ஆண்டாயிக்கென்று மூடி வைத்துவிட்டாள்.

“அவருதான் எழுதிட்டுப் போயிட்டாரே மேகலா, உள்ள வந்து ஆக்கேன்.”

“திரும்பியும் வந்து பாப்பாங்களாம் அத்த. கொஞ்ச நாளைக்கு இப்பிடியே இருக்கட்டும்.”

திரும்பி வருவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆண்டாயி சுமதியிடம் கேட்டுப் பார்த்தாள். சுமதி, அதெல்லாம் வரமாட்டார்கள் என்றாள். அதை மேகலாவிடம் போய்ச் சொல்ல ஆண்டாயிக்குத் தைரியம் வரவில்லை.

தமிழ்மாறன் ரெட்டிபாளையத்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரியில் டிரைவர். வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டுக்கு வருவான். அம்மா கையால் ஒரு தட்டு, பின்னால் போய் மனைவி கையால் ஒரு தட்டு என்று சாப்பிட்டு, புதுக் கார்டு வருகிறவரை மூன்று மாதத்தில் அவன் ஒருத்தன்தான் ஒரு சுற்றுப் பெருத்தான். “நாடகந்தான் முடிஞ்சிருச்சுல்ல?” என்று ஒருநாள் பொதுவாகக் கேட்டான். அம்மா மனைவியைப் பார்த்தாள், மனைவி சோற்றைப் பார்த்தாள். அவன் அதற்கப்புறம் கேட்கவில்லை. பிள்ளை போனதற்கு, ஆண்டவன் குடுத்து வைக்கல என்று அம்மா சொன்ன காரணத்தையே அவன் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தவன்.

ஆண்டாயிக்கு அந்த நாலு மணி இப்போதுதான் முழுசாக ஞாபகம் வந்தது. மேகலா வலிக்கிறது என்று சொன்னபோது அவள் முகத்தைத்தான் பார்த்தோமா, மூட்டையைத்தான் பார்த்தோமா என்று யோசித்தாள். மூட்டையைத்தான் பார்த்திருக்கிறாள். மூட்டை முடியாவிட்டால் வியாபாரி மறுநாள் கொட்டை போட மாட்டான். தமிழ்மாறனைச் சுமந்தபோது அவளும் வலி கண்டபிறகு அரை மூட்டை உடைத்தவள்தான். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிட்டாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? பின்பக்கத்துக்கும் முன்பக்கத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மேகலா கடுகு தாளிக்கிற சத்தம் கேட்கும். கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

மார்கழியில் புது கார்டு வந்தது. பழைய கார்டில் ஆண்டாயி ஒற்றை ஆளாக நின்றாள். அந்த மாதம் ரேஷன் கடையில்தான் தெருவுக்கு இன்னொரு வேடிக்கை.

கடைக்காரர் தங்கசாமி மெஷினை நீட்டினார். “கட்டைவிரல வைங்கம்மா.”

ஆண்டாயி வைத்தாள். விழவில்லை. துடைத்துவிட்டு வைத்தாள். விழவில்லை. அடுத்த விரல், அதற்கடுத்த விரல். பத்து விரலும் ஒரு சுற்று வந்தாயிற்று. முப்பது வருஷம் முந்திரி ஓட்டின் எண்ணெய் தின்ற விரல்கள். வழுக்கலாக, பளபளவென்று, கூழாங்கல் மாதிரி இருந்தன.

“இத்தன வருசமா எப்பிடிம்மா வாங்குனீங்க?” என்றார் தங்கசாமி.

“மருமவ வந்து வைக்கும்.”

“அவங்களத்தான் தனியாப் பிரிச்சு வுட்டுட்டீங்களே.”

வரிசையில் யாரோ, “தலைவியம்மா கால் வெரல வச்சுப் பாருங்க” என்றார்கள். நல்ல சிரிப்பு. ஆண்டாயியும் கொஞ்சம் சிரித்தாள். வேறு என்ன செய்வது?

மேகலா நாலு ஆள் தள்ளிப் புதுக் கார்டோடு நின்றிருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே முன்னால் வந்தாள். வந்து, ஒவ்வொரு மாதமும் வைக்கிற மாதிரியே, மெஷினில் கட்டைவிரலை வைத்தாள். மெஷின் சிவப்பாகக் கீச்சிட்டது.

“இந்தக் கார்டுல நீங்க இல்லம்மா,” என்றார் தங்கசாமி. “கண்ணுல பதியிற மெசின் வரும்ங்கறாங்க, வந்தாப் பாப்போம். வயசானவங்களுக்குப் பதிலா வேற ஆளு வாங்கலாம். அம்மாவுக்கு அந்த வயசும் ஆவல.”

மேகலா விரலை எடுக்காமல் இன்னொரு தரம் அழுத்தினாள். மறுபடியும் கீச். பிறகுதான் எடுத்தாள்.

தன் கார்டுக்கு அரிசி வாங்கிக்கொண்டு, கடைக்கு வெளியே புளியமரத்தடியில் மாமியாரின் பையைப் பிடுங்கி, பாதியைக் கொட்டினாள். ஆண்டாயிக்கு அதுதான் சமயம் என்று பட்டது. மூன்று மாதமாக வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்ததை எடுத்தாள்.

“மேகலா, அன்னைக்கு வாசல்ல நான் சொன்னது... அது சுமதி சொல்லிக் குடுத்தது சாமி. தானா வந்துருச்சு.”

“தெரியும் அத்த.”

“தெரியுமா?”

“நீங்க சொன்னது பாடம். நான்தானே பத்து நாளு எதுக்க ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன்.” பையின் வாயைக் கட்டினாள். “நான் சொன்னது பாடம் இல்லீங்களே.”

“நான் அன்னைக்கே வண்டிக்குச் சொல்லியிருந்தா...”

“வேணாங்கத்த. இப்ப சொல்லாதீங்க. நான் ஒங்க மேல கோவமா இல்ல. உள்ள வந்து ஆக்கலாம்னுதான் ஒவ்வொரு நாளும் நெனைக்கிறேன். அந்தக் கொட்டைய நீங்க தட்டுற சத்தம் கேட்டா கை ஓட மாட்டேங்குது.”

“ஒடைக்கறத வுட்டுர்றேன்.”

“வுட்டுட்டு எதத் திம்பீங்க?”

 இரண்டு பேரும் ஒரே தெருவுக்கு, முன்னும் பின்னுமாக நடந்து வந்தார்கள். பார்த்தவர்கள், அட, இன்னும் விசாரணைக்காரர் ஊரில்தான் இருக்கிறார் போல என்று சொல்லிச் சிரித்தார்கள்.

மேகலாவுக்கு உரிமைத் தொகை வர ஆரம்பித்தது. முதல் மாதம் குறுஞ்செய்தி வந்ததும் ஆண்டாயியிடம் கொண்டுவந்து போனைக் காட்டினாள். ஆண்டாயிக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். “ஒன் பேருக்கே வந்துருச்சா?” என்றாள். “என் பேருக்கேதான் அத்த,” என்றாள் மேகலா.

தை பிறந்ததும் தமிழ்மாறன் ரெட்டிபாளையத்தில் வாடகைக்கு வீடு பார்த்தான். லாரி நிற்கிற இடம் பக்கம் என்றான். அது உண்மைதான், ஆறு வருஷமாகவே அது உண்மைதான். சாமான் ஏற்றிய அன்று ஆண்டாயி பெரிய அண்டாவையும் அம்மிக்கல்லையும் வண்டியில் தூக்கி வைத்தாள். “எனக்கு ஒத்த ஆளுக்கு எதுக்கு?” என்றாள். சுமதி பொறுக்காமல், “அம்மாவையும் ஏத்திக்கயேண்டா” என்று கேட்டும்விட்டாள். தமிழ்மாறன் அம்மாவைப் பார்த்தான், மேகலாவைப் பார்த்தான், அப்புறம் குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்தான். மேகலா மட்டும் இறங்கி வந்து ஆண்டாயியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அந்த வழுக்குகிற விரல்களைத் தன் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றாள். வண்டி ஹாரன் அடித்தது.

மேகலா மறுபடி முழுகாமல் இருந்து, பெரம்பலூரில் தாய் வீட்டுக்குப் போய், அடுத்த வருஷம் ஆவணியில் பெண் குழந்தை பெற்றாள். ஆண்டாயி இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்தாள். பிள்ளையைக் கையில் கொடுத்தார்கள். அரை மணி நேரம் வைத்திருந்தாள். “இருந்துட்டுப் போங்க அத்த,” என்று மேகலா சொன்னாள். “இருக்கேன் சாமி,” என்றவள், நாலு மணி அடிக்கப் போகிறது என்றதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அறிவரசனுக்கு மாற்றல் வந்து, போன இடத்திலேயே ஒரு டீச்சரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். சுமதி தன் மகள் நந்தினியை ஜெயங்கொண்டத்தில் கொடுத்தாள். மாப்பிள்ளைக்கு அம்மா இல்லாத வீடாகத் தேடிப் பிடித்தாள் என்று குழந்தைவேல் சொல்கிறார். ஐப்பசி மழைக்கு முன்னால் ஆண்டாயி வீட்டைப் பூட்டி, ஆண்டிமடத்தில் இருக்கிற தங்கச்சி பாப்பாத்தி வீட்டோடு போய்விட்டாள்.